நறுக்கென்ற அச்சார்

மலாய்க்காரர் வீட்டுத் திருமண விருந்தில் நாசி மின்யாக்கின் ஓரத்தில் ஒரு கரண்டி அச்சார் இருக்கும். வெள்ளரிக்காய், கேரட், சின்ன வெங்காயம், மிளகாய், சில வேளைகளில் அன்னாசி ஆகியவை அதில் கலந்திருக்கும். பினாங்கிலும் மலாக்காவிலும் வாழும் பெரானாக்கான் குடும்பத்தினர், அரைத்து வதக்கிய மசாலாவையும் பொடித்த நிலக்கடலையையும் எள்ளையும் அதனுடன் சேர்ப்பர். 'அச்சார்' என்னும் சொல் பாரசீக மொழியிலிருந்து வந்தது என்பர். தமிழில் அதற்கு நெருங்கிய உறவு ஊறுகாய். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்தையும் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் வினைத்தொகை அது.

ஆனால், இவ்விரண்டும் கெடாமல் இருக்கும் விதம் வேறு. மாங்காய் ஊறுகாயை மிகுதியான உப்பும் எண்ணெயும் வெயிலும் காக்கின்றன. அது சாடியில் மாதக்கணக்கில் இருக்கும். வீட்டில் விரைவாகச் செய்யும் அச்சாரிலோ உப்பு குறைவு, எண்ணெயும் இல்லை. வினிகரின் புளிப்பும் குளிர்பதனப் பெட்டியின் குளிர்ச்சியுமே அதற்குக் காவல்.

அச்சார் செய்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான். முதல் நாள் நறுக்கென்று இருந்த வெள்ளரிக்காய் மூன்றாம் நாளில் துவண்டு போகிறது. அதற்கான காரணம் காயின் உள்ளேயே இருக்கிறது. வெள்ளரிக்காயின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். அந்த நீர் நிறைந்த நுண்ணிய அறைகளைப் பெக்டின் என்னும் பொருள் ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கிறது. பெக்டின் கரைந்தால் காய் தளர்ந்துவிடும். அதைக் கரைக்கும் நொதிகள் காயின் பூ இருந்த முனையில் மிகுதி. எனவே, காம்புக்கு எதிர்ப்புறமுள்ள அந்த நுனியைச் சிறிதளவு வெட்டி எறிந்துவிட வேண்டும். பாட்டிமார்கள் வெள்ளரியின் நுனியை அரிந்து தேய்ப்பது கசப்பைப் போக்க என்பார்கள். அச்சாருக்கு நுனியை நீக்குவதன் பயன் வேறு.

அரைக்கிலோ வெள்ளரிக்காய் ஒரு சிறு குடும்பத்துக்குப் போதும். இளங்காயாகவும் அன்று வாங்கியதாகவும் இருப்பது நல்லது. முற்றிய காயை எந்த வித்தையாலும் மொறுமொறுப்பாக்க முடியாது. காயை நீளவாக்கில் பிளந்து, விதையுள்ள நடுப்பகுதியை நீக்கி, விரல் நீளத் துண்டுகளாக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி உப்பைத் தூவிப் பிசிறி, ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கியிருக்கும். உப்பு காயிலிருந்து வெளியே இழுத்த நீர் அது. அதை வடித்து, துண்டுகளை ஒருமுறை அலசி, தூய துணியில் இட்டு நன்கு பிழிய வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டால் அந்த நீர் பின்னர் போத்தலுக்குள் வெளியேறும். அப்போது காய் துவள்வதோடு வினிகரும் நீர்த்துப் போகும்.

சிலர் சுண்ணாம்பு நீரில் காயை ஊற வைப்பதும் உண்டு. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்குவதால் காய் உறுதியாகிறது. எனினும், சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும் காரப்பொருள். சரியாக அலசாவிட்டால் வினிகரின் ஆற்றல் குறைந்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாள்களில் உண்ணும் அச்சாருக்கு அது தேவையே இல்லை.

ஒரு குவளை வினிகர், ஒரு குவளை நீர், நான்கு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைத் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் கொதிக்க வைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் புளிப்போடு வினைபுரியும் என்பதால் அது ஆகாது. வினிகர் 5 விழுக்காடு அமிலத்தன்மை உடையதா எனப் போத்தலின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. கொதித்த நீர் முற்றிலும் ஆறிய பின்னரே காய்களின் மேல் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் காய் பாதி வெந்துவிடும். அவசரக்காரர்களின் அச்சார் துவள்வதற்கு இதுவே காரணம்.

கேரட்டையும் மிளகாயையும் வெங்காயத்தையும் வெள்ளரியோடு கலந்து, வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் நிரப்பலாம். காய்கள் அனைத்தும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

புளிப்பு அதிகம் என்று வினிகரைக் குறைப்பவர்கள் உண்டு. இது நாவுக்கு மட்டும் உரிய செய்தியன்று. காற்றுப் புகாத போத்தலில் கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் என்னும் நுண்ணுயிர், போதிய புளிப்பிருக்கும் இடத்தில் வளராது. அமிலக் காரக் குறியீடு 4.6-க்கும் கீழே இருக்க வேண்டும் என்பது உணவியலார் கணக்கு. புளிப்பு பிடிக்காதவர்கள் சீனியைக் கூட்டிக்கொள்ளலாம். சீனி சுவையை மாற்றும். வினிகரின் அமிலத்தைக் குறைக்காது.

இந்த அச்சாரை மேசைமேல் விட்டு வைப்பதும் தவறு. நம் நாட்டின் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். குளிர்ச்சி நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை. அவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் அண்டை வீட்டாருக்கு அச்சார் கொடுப்பவர்கள், 'குளிரில் வைக்கவும்' என்று போத்தலில் எழுதி ஒட்டுவது அவசியம். வாங்குபவர் அதைச் சாடி ஊறுகாய் என்று எண்ணி அலமாரியில் வைத்துவிடக்கூடும்.

மறுநாளே உண்ணத் தொடங்கலாம். மூன்றாம் நாளில் மிளகாயின் காரம் நீரெங்கும் பரவியிருக்கும். ஈரமில்லாத தூய கரண்டியால் எடுத்து, இரண்டு வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். வெள்ளரியைவிடக் கேரட் நெடுநாள் நறுக்கென்று இருக்கும். எஞ்சிய நீரில் மீண்டும் புதிய காய்களைப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. போடக்கூடாது, முதல் காய்களின் நீர் கலந்து அது ஏற்கெனவே வலுவிழந்திருக்கும்.