நகத்துக்குள் ஒரு கட்டி

கட்டி என்றால் வயிற்றிலோ மார்பிலோ வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் அம்மாவுக்கு அது மோதிர விரல் நகத்துக்கு அடியில் இருந்தது.

அம்மா மாட்டுத்தாவணியில் பூ கட்டுபவர். ஐஸ் பெட்டி மல்லிகையைத் தொட்டாலே "உசிரு போகுதுடா" என்பார். வீக்கம் இல்லை, புண் இல்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வருஷம் வலி மாத்திரைதான். ஓர் இடத்தில் "எல்லாம் மனசுதாம்மா" என்றே சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அன்று எதிர்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா குண்டூசியின் கொண்டையால் நகத்தைப் புள்ளி புள்ளியாக அழுத்திப் பார்த்தார். ஒரே இடத்தில் அம்மா அலறினார். ஒரு நெல்மணி தள்ளி அழுத்தினால் வலியே இல்லை! பிறகு பி.பி. பட்டையைக் கட்டிக் காற்றேற்றி, அதே இடத்தை அழுத்தினார். வலி காணாமல் போயிற்று. ரத்தம் நின்றால் வலியும் நிற்கிறது. ஆகவே 'குளோமஸ் கட்டி'யாக இருக்கலாம் என்றார்.

குளோமஸ் என்பது குளிர், வெப்பத்துக்குத் தக்கபடி ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் நுண்ணிய அமைப்பு. தெர்மோஸ்டாட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் அதிகம். அதில் வரும் கட்டி பெரும்பாலும் ஒரு செ.மீ.க்குள்தான்; புற்றாக இருப்பது மிக அபூர்வம். 1924-ல் பியர் மாசோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் இதன் மூலத்தைக் காட்டினார்.

இனி நம் எலக்ட்ரானிக்ஸ் சங்கதி. எம்.ஆர்.ஐ.யின் 1.5 டெஸ்லா காந்தப் புலத்தில் உடம்பின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன. எஃப்.எம். ரேடியோ 88-ல் ஆரம்பிக்கிறது, அதற்குச் சற்றே கீழே! திரும்பி வரும் சிக்னலோ மிக மிக மெலிசு. வெளி அலைகள் புகாமலிருக்கத்தான் அந்த அறைக்குச் செம்புத் தகடு அடிக்கிறார்கள். பெரிய காயில் வைத்தால் உடம்பு முழுவதின் இரைச்சலும் சேர்ந்து வரும். விரலை ஒட்டிச் சின்னக் காயில் வைத்தால்தான் படம் தெளியும். 5 மி.மீ. தடிமனில் துண்டு துண்டாகப் படம் எடுத்தால் 4 மி.மீ. கட்டி அக்கம்பக்கத்தோடு கலந்து மங்கிவிடும், 2 மி.மீ.யாவது வேண்டும். ஆக, எங்கே தேட வேண்டும் என்று சீட்டில் எழுதாவிட்டால் மெஷின் என்ன செய்யும்? அந்தக் குண்டூசிதான் மெஷினுக்கு வழி காட்டியது.

'டி2' படத்தில் நகத்துக்கும் எலும்புக்கும் நடுவே மல்லிகை மொட்டின் நுனி போல ஒரு வெள்ளைப் புள்ளி. காடோலினியம் ஊசி போட்டு எடுத்த படத்திலும் பளிச்சென்று இருந்தது. விரலை மட்டும் மரக்கவைத்து, நகத்தைத் தூக்கி எடுத்துவிட்டார்கள். பரிசோதனையிலும் குளோமஸ் என்றே வந்தது.

நகம் முளைக்க ஐந்து மாதம் ஆயிற்று. பங்குனியில் அம்மா மறுபடி ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டபோது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா பாக்குற? நூலை எடு" என்றார்.

- மூன்றாமாண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு