அருவங்காட்டில் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது?

நிலைமாற்றப் பாடத்தில் நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ் என்று கற்பிக்கிறோம். அருவங்காட்டில் செய்து பார்த்தால் வெப்பநிலைமானி 94 டிகிரியை ஒட்டி நின்றுவிடுகிறது. ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர், "சார், தெர்மாமீட்டர் ரிப்பேர்" என்பார். வேறு சிலர் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு நோட்டில் 100 என்றே எழுதிவிடுவார்கள். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது வகைதான்.

கருவி சரியா என்பதை மாணவர்களே சோதிக்கட்டும். உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டித் துண்டுகளுக்குள் வைத்தால் 0 டிகிரி காட்டுகிறது. வேறு இரண்டு வெப்பநிலைமானிகளைக் கொதிநீரில் வைத்தாலும் அதே 94தான். தீயைக் கூட்டச் சொல்வேன். குமிழிகள் பெருகும், பாதரசம் ஏறாது. கூடுதல் வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. உள்ளுறை வெப்பத்தை விளக்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

பிறகுதான் காரணத்துக்கு வருகிறேன். நீரின் ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது நீர் கொதிக்கிறது. நம் ஊர் 1,800 மீட்டருக்கு மேல் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். எனவே குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது. பனிக்கட்டி நீராகும்போது கனஅளவு சிறிதளவே மாறுகிறது. நீர் ஆவியாகும்போதோ ஆயிரம் மடங்குக்கு மேல் விரிகிறது. அதனால்தான் உயரம் கொதிநிலையை மாற்றுகிறது, உருகுநிலையை ஏறக்குறைய தொடுவதே இல்லை.

திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். "தண்ணி தளதளன்னு கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாதுன்னு பாட்டி சொன்னாங்க சார்" என்றாள் ஒரு மாணவி. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 120 டிகிரி வரை உயர்வதை அன்று விளக்க அதிக நேரம் ஆகவில்லை.

இந்திய நில அளவைத் துறைக்காக 1866இல் லாசா சென்ற நயின் சிங், நீர் கொதிக்கும் வெப்பநிலையை அளந்தே அந்நகரின் உயரத்தைக் கணித்தார். இதைச் சொன்னதும் வகுப்பே கணக்கில் இறங்கியது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும் என்றால், 6 டிகிரிக்கு 1,800 மீட்டர்!

"பரீட்சையில எதை எழுதுறது சார்?" என்ற கேள்வி தவறாமல் வரும். 'கடல் மட்ட வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸ்' என்று எழுதப் பழக்குகிறேன். செய்முறைப் பதிவேட்டில் அளந்த எண்தான் இருக்க வேண்டும். அதற்குத்தான் நான் மதிப்பெண் தருகிறேன்.

செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: வெப்பநிலைமானியின் குமிழ் முகவையின் அடியைத் தொடக்கூடாது, தொட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். மலை ரயில் புறப்படும் மேட்டுப்பாளையத்தில் சுமார் 99 டிகிரி வரவேண்டும். அங்குள்ள ஆசிரியர்கள் அளந்து அனுப்பினால், எங்கள் மாணவர்கள் அதையும் தங்கள் வரைபடத்தில் குறித்துக்கொள்வார்கள்.