மனக்கண்ணில் எழுந்த மலை

கையில் கருவி இருந்தால் எவரும் படம் எடுக்கலாம். அப்படம் கலையாக வேண்டுமானால், கருவி காணும் முன்னரே மனம் கண்டிருக்க வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் உணர்த்தியவர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ்.

இவர் 1902ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனம் பொருந்தாத மகனைத் தந்தையார் வீட்டிலேயே கற்கச் செய்தார். பன்னிரண்டாம் வயதில் தாமே பியானோ பயின்ற ஆடம்ஸ், இசைக்கலைஞராக விழைந்தார். 1916இல் பெற்றோருடன் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குச் சென்றார். அங்குப் பெற்றோர் அளித்த சிறிய கோடாக் கேமராவால் படங்கள் எடுத்தார். அதுமுதல் அம்மலைகள் அவரை ஆண்டுதோறும் அழைத்தன.

1927 ஏப்ரல் 10ஆம் நாள், கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு பனி படர்ந்த மலைச்சரிவில் நண்பர்களுடன் ஏறினார். எதிரே ‘ஆஃப் டோம்’ என்னும் மாபெரும் பாறை செங்குத்தாக நின்றது. அப்போது எஞ்சியிருந்த தகடுகள் இரண்டே. மஞ்சள் வடிகட்டியைப் பொருத்தி ஒன்றில் படம் எடுத்தார். உடனே அவர் உள்ளம் துணுக்குற்றது. அப்படத்தில் வானம் வெளிறித் தோன்றும்; பாறையைக் கண்டு தாம் அடைந்த வியப்பு அதில் இராது என உணர்ந்தார். கடைசித் தகட்டைச் செருகினார். கடுஞ்சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினார். அது நீல ஒளியைத் தடுத்தமையால் படத்தில் வானம் இருண்டது; பாறை கம்பீரமாக எழுந்து நின்றது. அவர் மனத்தில் கண்ட காட்சியே படமாயிற்று.

கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாயல்களைப் படிகளாகப் பகுத்துக் கணிக்கும் முறையை ஃபிரெட் ஆர்ச்சர் என்பவருடன் இணைந்து வகுத்தார். இசைப்பயிற்சியும் வீணாகவில்லை. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அதிலிருந்து உருவாகும் அச்சுப்படத்தை இசை நிகழ்ச்சிக்கும் அவர் ஒப்பிட்டார். ஆகவே, ஒரே நெகட்டிவிலிருந்து இருட்டறையில் மீண்டும் மீண்டும் அச்சிட்டு மெருகேற்றினார்.

அவரது கலை அழகோடு நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் பகுதியைக் காக்குமாறு வேண்டி, 1936இல் தம் படங்களுடன் வாஷிங்டன் சென்று சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார். 1940இல் அப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. அவ்வெற்றியில் அவர் படங்களுக்கும் பங்குண்டு.

ஆடம்ஸ் 1984இல் மறைந்தார். மறு ஆண்டு, யோசெமிட்டியின் சிகரம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மலைகளைப் படத்தில் நிலைநிறுத்தியவரின் பெயர் மலையிலேயே நிலைத்தது.

சொற்பொருள்

விழைந்தார் – விரும்பினார்
எஞ்சிய – மீதமுள்ள
துணுக்குற்றது – திடுக்கிட்டது
சாயல் – நிறத்தின் மென்மை அல்லது அடர்த்தி

வினாக்கள்

1. முதல் தகட்டில் எடுத்த படம் ஆடம்ஸுக்கு நிறைவளிக்காதது ஏன்?
2. சிவப்பு வடிகட்டியால் படத்தில் விளைந்த மாற்றம் யாது?
3. இசைப்பயிற்சி அவரது ஒளிப்படக் கலையில் எவ்வாறு வெளிப்பட்டது?
4. ஒளிப்படம் இயற்கையைக் காக்க உதவியதை விளக்குக.

செயல்பாடு

உங்கள் வீட்டுச் சன்னல் வழியே தெரியும் காட்சியைக் காலையிலும் மாலையிலும் உற்றுநோக்குக. ஒரே ஒரு படம் மட்டும் எடுக்கலாம் எனில், எந்நேரத்தில் எடுப்பீர்கள்? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.