கேம்ஸ் விளையாட எந்த மானிட்டர்? வாங்கும் முன் ஒரு சோதனை

கேம்ஸ் விளையாட மானிட்டர் வாங்கச் செல்பவர்கள் முதலில் பார்ப்பது திரையின் அளவு, அடுத்து விலை. ரெசல்யூசன் என்பது பல வேளைகளில் கடைக்காரர் சொல்லும் ஓர் எண்ணாகவே நின்றுவிடுகிறது. "4கே சார், இதுதான் பெஸ்ட்" என்றால் நாமும் தலையாட்டி வாங்கி வந்துவிடுகிறோம். ஆனால் கேம்ஸைப் பொறுத்தவரை, திரையில் உள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் உழைக்க வேண்டியது உங்கள் கிராபிக்ஸ் கார்டு. அது திணறினால் மானிட்டருக்குக் கொடுத்த பணம் வீண். எனவே, எதை வாங்குவது, வாங்கியபின் எப்படி செட் செய்வது என இங்கு பார்க்கலாம்.

பிக்சல் கணக்கு

1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 2560×1440ல் இது 36.9 லட்சம், 4கே எனப்படும் 3840×2160ல் 82.9 லட்சம். அதாவது 1080ஐக் காட்டிலும் 1440ல் 1.78 மடங்கு; 4கேயில் சரியாக 4 மடங்கு. ஒரு நொடிக்கு 60 பிரேம் வேண்டுமானால், ஒவ்வொரு பிரேமையும் கார்டு 16.7 மில்லி செகண்டில் வரைந்து முடிக்க வேண்டும். 144 பிரேம் என்றால் 6.9 மில்லி செகண்ட்தான். சுமை எவ்வளவு கூடுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

"பெரிதாக வாங்கிவிட்டு, கேமில் ரெசல்யூசனைக் குறைத்துக் கொண்டால் என்ன?" எனச் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. பழைய சி.ஆர்.டி. மானிட்டரில் 800×600, 1024×768 என எதை வைத்தாலும் படம் நன்றாகவே தெரியும். இன்றைய தட்டைத் திரைகளில் பிக்சல்களின் எண்ணிக்கை நிலையானது. 1440 திரையில் 1080 படத்தைக் காட்டினால், ஒரு பிக்சலை 1.33 பிக்சலாக நீட்ட வேண்டும். இதனால் எழுத்தும் விளிம்பும் மங்கும். என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி.யின் எப்.எஸ்.ஆர். ஆகியவை குறைந்த ரெசல்யூசனில் வரைந்து, அதை அழகாகப் பெரிதாக்கித் தருகின்றன. ஆனால் அந்த வசதி உள்ள கேம்களில் மட்டுமே இது கைகொடுக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

உயர் ரெசல்யூசனை உங்கள் கார்டு தாங்குமா என்பதை, இப்போதுள்ள 1080 மானிட்டரிலேயே, ஒரு ரூபாய் செலவின்றி அறியலாம்.

1. என்விடியா கார்டு எனில், என்விடியா கண்ட்ரோல் பேனல் திறந்து, மேனேஜ் 3டி செட்டிங்ஸ் பிரிவில் டி.எஸ்.ஆர். பேக்டர்ஸ் என்பதைக் கிளிக் செய்திடவும். அதில் 1.78 எக்ஸ், 4.00 எக்ஸ் ஆகியவற்றில் டிக் செய்து அப்ளை கொடுக்கவும். ஏ.எம்.டி. கார்டு எனில், அதன் சாப்ட்வேரில் டிஸ்பிளே பிரிவு சென்று விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூசன் என்பதை இயக்கவும்.

2. கேமைத் திறந்தால், ரெசல்யூசன் பட்டியலில் 2560×1440 போன்றவை புதிதாகச் சேர்ந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, வி-சிங்க் வசதியை நிறுத்தவும்.

3. ஸ்டீம் பயன்படுத்துவோர், செட்டிங்ஸில் இன் கேம் பிரிவில் பிரேம் கவுண்டரை இயக்கவும். புகை, நெருப்பு, கூட்டம் எனக் காட்சிகள் நிறைந்த இடத்தில் அரை மணி நேரம் விளையாடி, எண்ணைக் குறித்துக் கொள்ளவும்.

என் நண்பரின் மகன் 4கே மானிட்டர்தான் வேண்டும் என ஒற்றைக் காலில் நின்றான். வாங்கும் முன் அவனையே இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னேன். அவன் விரும்பி ஆடும் கார் ரேஸில் 1080ல் 85 பிரேம், 1440ல் 58, 4கேயில் 29 வந்தது. 29ல் ஸ்டியரிங் இழுத்த இழுப்புக்கு வரவில்லை என்று அவனே சொன்னான். 1440 மானிட்டர் வாங்கினார்கள்; மிச்சப்பட்ட பணத்தில் அதிக கொள்ளளவு கொண்ட எஸ்.எஸ்.டி. வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். ரெசல்யூசனை உயர்த்தியும் பிரேம் எண் குறையவே இல்லை எனில், தடை கிராபிக்ஸ் கார்டில் இல்லை, பிராசசரில் இருக்கலாம். அப்படியானால் உயர் ரெசல்யூசனுக்குத் தயங்க வேண்டாம்.

அளவும் தூரமும்

ஓர் அங்குலத்திற்கு எத்தனை பிக்சல் என்பதே தெளிவைத் தீர்மானிக்கிறது. 24 அங்குல 1080 திரையில் இது 92. அதே 1080ஐ 27 அங்குலத்தில் வாங்கினால் 82 ஆகக் குறையும். இரண்டடி தூரத்தில் அமர்ந்தால் எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரியும். 27 அங்குலத்தில் 1440 எனில் 109. மேஜைக்கு இது மிகவும் ஏற்றது எனலாம். 4கே வேண்டுவோர் 32 அங்குலம் பார்க்கலாம், அதில் 138. எழுத்து சிறிதாகத் தோன்றினால், ரெசல்யூசனைக் குறைக்காமல், விண்டோஸில் ஸ்கேல் என்பதை 125 அல்லது 150 சதவீதமாக வைக்கவும்.

வாங்கியபின் மறக்கக் கூடாதவை

கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் உள்ள போர்ட்டில் இணைக்கவும். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் வரும். டிஸ்பிளே போர்ட் இருந்தால் அதையே பயன்படுத்தவும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய பலர், அது 60லேயே இயங்குவதை அறியாமல் இருக்கின்றனர். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே எனச் சென்று, ரெப்ரெஷ் ரேட் பட்டியலில் உயர்ந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்.

பிரீசிங்க் வசதி இருந்தால் மானிட்டரின் மெனுவிலும் டிரைவரிலும் இயக்கவும். பிரேம் எண் ஏறி இறங்கினாலும் படம் கிழியாமல் வரும். 2019 ஜனவரி முதல் என்விடியா கார்டுகளும் பல பிரீசிங்க் மானிட்டர்களை ஏற்கின்றன. 10 சீரிஸ் அல்லது அதற்குப் பிந்தைய கார்டு தேவை.

மானிட்டர் பல ஆண்டுகள் உழைக்கும் பொருள். கடைக்குப் போகும்போது, விளம்பரத்தில் பார்த்த எண்ணோடு அல்ல, உங்கள் கம்ப்யூட்டரில் நீங்களே குறித்த எண்ணோடு செல்லுங்கள்.