குளியலறைக்குக் குடிவந்த தவளை: சேர்ந்து வாழ ஒரு வழிகாட்டி

கோடை முற்றத் தொடங்கியதும் தமிழ்நாட்டில் பல வீடுகளின் குளியலறைச் சுவரிலோ, ஃப்ளஷ் டேங்குக்குப் பின்னாலோ ஒரு தவளை வந்து ஒட்டிக்கொள்ளும். சிலர் துடைப்பத்தால் தள்ளுவார்கள், சிலர் உப்பைத் தூவுவார்கள், சிலர் வெந்நீரையே ஊற்றிவிடுவார்கள். இதில் எதுவும் தேவையில்லை. அந்தத் தவளையை விரட்டவும் வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம். நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றை மாற்றிக்கொண்டால் போதும், அதன் பாட்டுக்கு அது இருக்கும், நம் பாட்டுக்கு நாம் இருக்கலாம்.

1. வந்திருப்பது எது என்று பாருங்கள்

சுவரில் ஏறி ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் மரத்தவளை. ஊர்ப்பக்கம் தேரை என்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் வீடுகளுக்குள் அதிகம் வரும் இந்த வகையின் அறிவியல் பெயர் பாலிபிடேட்டஸ் மாக்குலேட்டஸ். தோல் வழவழப்பாக இருக்கும். விரல் நுனிகளில் வட்டமான திண்டுகள் இருப்பதால் வழுக்கும் டைல்ஸில்கூட ஏறிவிடும். ஒரே தவளை ஒரு நேரம் வெளிறிய மஞ்சளாகவும், இன்னொரு நேரம் சாம்பலாகவோ பழுப்பாகவோ தெரியும். காலை நீட்டும்போது தொடையின் பின்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பெண் தவளை 7 செ.மீ.க்கு மேலும் வளரும், ஆண் சிறியது.

தரையில் தத்தித் தத்திப் போவது, உடம்பெல்லாம் சொரசொரப்பான முண்டுகள் உள்ளது சொறித்தவளை. அதன் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருப்பவை நச்சுச் சுரப்பிகள். தொட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. நாய் அதைக் கவ்விவிட்டால் நாய்க்கு ஆபத்து. அதனால் நாய் வளர்க்கும் வீட்டில் சொறித்தவளையைத் தோட்டத்தோடு நிறுத்திவிடுவது நல்லது.

2. அது எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றின் அடிப்பக்கத் தோலாலும் தொடைத் தோலாலும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியாகத்தான். வெளியே குட்டை வற்றி, மண் காய்ந்துவிட்டால், ஈரமும் நிழலும் இருக்கும் குளியலறை அதற்கு உயிர் காக்கும் இடம். பகலில் கைகால்களை உடம்புக்கடியில் மடக்கிக் கண்ணை மூடி அசையாமல் கிடக்கும். ஈரம் ஆவியாவதைக் குறைக்கவே அப்படி உட்காருகிறது. செத்துவிட்டதோ என்று குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள்.

3. பயங்களைச் சரிபாருங்கள்

தவளை மேலே பாய்ந்தால் பாலுண்ணி வரும் என்பது தவறு. மனிதத் தோலில் பாலுண்ணியை உண்டாக்குவது ஒரு வைரஸ், தவளைக்கு அதில் பங்கில்லை. பிடித்தால் அது பீய்ச்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான், விஷமல்ல. தேரை பட்டால் குழந்தை மெலியும் என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். மெலியும் குழந்தைக்கு மருத்துவர்தான் வேண்டும்.

பாம்பு வருமா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன் எல்லாம் தவளையைத் தின்பவைதான். ஆனால் பாம்பை வீட்டுப் பக்கம் இழுப்பவற்றில் எலியும், குப்பையும், செங்கல், விறகுக் குவியலும் முக்கியமானவை. முதலில் அவற்றை அகற்றுங்கள். சாக்கடைக் குழாய் வாயில் கம்பி வலை போடுங்கள். கதவுக்கடியில் உள்ள இடைவெளியை அடைத்துவிடுங்கள். வென்டிலேட்டரைத் தொடும் மரக்கிளையை வெட்டிவிடுங்கள். இதையெல்லாம் செய்தாலும் மரத்தவளை சுவரேறி வென்டிலேட்டர் வழியாக வந்து போய்க்கொள்ளும்.

4. ரசாயனங்களைக் கட்டுப்படுத்துங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தோலால் தண்ணீர் உறிஞ்சும் உயிர், தரையிலும் சுவரிலும் இருக்கும் விஷத்தையும் சேர்த்தே உறிஞ்சும். ஃபினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், சோப்புத் தண்ணீர், உப்பு எல்லாமே அதற்குக் கேடு.

தினமும் பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் போட்டுத் தேயுங்கள். வாரம் ஒருமுறை ஃபினாயிலோ வேறு திரவமோ ஊற்றுவதாக இருந்தால், முதலில் தவளையை வெளியே எடுத்து விடுங்கள். கழுவி முடித்ததும் தரை, சுவர் இரண்டிலும் இரண்டு முறை நல்ல தண்ணீர் ஊற்றி, காற்றோட விட்டு, நெடி போன பிறகே அது திரும்ப வரட்டும். நாப்தலின் உருண்டையை எடுத்துவிடுங்கள். கொசுவத்தி, கொசு விரட்டும் மெஷின், கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றைக் குளியலறையில் பயன்படுத்தாதீர்கள். ஸ்பிரே பட்டுத் தடுமாறும் கரப்பானைத் தவளை விழுங்கினால் அந்த மருந்து அதன் வயிற்றுக்கும் போகும்.

5. விபத்து நடக்கும் இடங்களைக் கவனியுங்கள்

கதவு: கதவின் மேல் விளிம்பும் கீல் இடுக்கும் மரத்தவளைக்குப் பிடித்த இடங்கள். சாத்துவதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள்.

கழிப்பறை: பீங்கானின் உள்விளிம்புக்கடியில் ஒளிந்திருக்கும். மூடியை மூடியே வையுங்கள். ஃப்ளஷ் டேங்கின் மூடியில் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பக்கெட்: வெந்நீர் பிடிக்கும் முன் உள்ளே பாருங்கள். சொறித்தவளை வழவழப்பான பக்கெட்டில் விழுந்தால் ஏற முடியாமல் தவித்துச் சாகும். பயன்படுத்தாத பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

வாஷிங் மெஷின்: துணி போடும் முன் டிரம்மையும், ஈரத் துணியை எடுக்கும் முன் அதன் மடிப்புகளையும் பாருங்கள்.

6. உணவு கொடுக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கலாம்

சோறு, ரொட்டி, இறைச்சித் துண்டு எதுவும் வேண்டாம். அசையும் இரையைத்தான் தவளை பிடிக்கும். கரப்பான், பாச்சை, விட்டில், சிலந்தி என்று இரவில் அதுவே தேடிக்கொள்ளும். குளியலறை காய்ந்து கிடக்கும் நாள்களில் ஒரு மூலையில் ஆழமில்லாத மண்சட்டியில் இரண்டு விரல் அளவு தண்ணீர் வையுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஓர் இரவு திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரைத் தினமும் கொட்டிச் சட்டியைத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டெங்குக் கொசு அதில் முட்டையிடும்.

7. சுத்தத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

தவளையின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பழைய செய்தித்தாளால் எடுத்துக் குப்பையில் போட்டு, அந்த இடத்தை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக அலசுங்கள். பல் பிரஷ், சோப்பு, துண்டு ஆகியவற்றை மூடிய அலமாரியில் வையுங்கள். குழந்தைகள் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது. தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

8. வெளியே விட வேண்டி வந்தால்

வீட்டில் யாருக்காவது அச்சம் தீரவில்லை என்றால் வெளியே விடுவதில் தவறில்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, ஈரமான டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகி எடுங்கள். கையால் எடுக்க வேண்டியிருந்தால் சோப்பு, எண்ணெய் இல்லாமல் கழுவிய ஈரக் கையால் எடுங்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே செடி நிழலில் விடுங்கள். தொலைவான ஏரிக்கோ காட்டுக்கோ கொண்டுபோனால், அதற்குத் தெரியாத இடத்தில் விடுவதோடு, ஓரிடத்து நோயை இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதாகவும் ஆகிவிடும்.

9. மழைக்காலத்துக்குத் தயாராகுங்கள்

மழை தொடங்கியதும் ஆண் மரத்தவளை இரவில் கட்டையைத் தட்டுவதுபோல் டக் டக் என்று குரல் கொடுக்கும். பெண்ணைக் கூப்பிடும் குரல் அது, சில நாள்களில் அடங்கிவிடும். மரத்தவளை தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீருக்கு மேலே செடியிலோ, தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு கட்டி அதற்குள் இடும். சில நாள்களில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து கீழே தண்ணீரில் விழும். வெள்ளை நுரையைக் கண்டதும் அழுக்கென்று தேய்த்துவிடாதீர்கள். குடிநீர்த் தொட்டிக்கும் சம்புக்கும் இடுக்கில்லாத மூடி போட்டுவிட்டால் நுரைக்கூடு அங்கே வராது. தோட்டத்துத் தொட்டியில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

2023-ல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, தவளை உள்ளிட்ட நீர்நில வாழ்விகளில் சுமார் 41 விழுக்காடு இனங்கள் அழிவின் அச்சுறுத்தலில் இருக்கின்றன. நம் குளியலறைத் தவளை இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை. பரவலாக இருக்கும்போதே ஓர் உயிரைக் காப்பதுதான் எளிது. இந்தக் கோடையில் அது உங்கள் சுவரில் வந்து ஒட்டினால், துடைப்பத்தைக் கீழே வையுங்கள், ஃபினாயில் பாட்டிலை எட்டத்தில் வையுங்கள். மழை வரும்வரை அது அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.