பங்க் டேங்க் கசிந்தால் வாடை வருமா?

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையோரம் பெட்ரோல் பங்குகள் வரிசையாக நிற்கின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் அப்படியே. ஒவ்வொன்றின் தரைக்கடியிலும் ஆயிரக்கணக்கான லிட்டர் எரிபொருள் இருக்கிறது. சுற்றிலும் போர் தண்ணீரை நம்பிய வீடுகள், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரிகள். அதனால் இந்த டேங்குகளைப் பற்றிய தவறான நம்பிக்கைகளைச் சும்மா விட முடியாது.

நம்பிக்கை: கசிந்தால் வாடையே காட்டிக்கொடுக்கும்.

வாடை வருவதற்குள் எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்திருக்கும். 2013-இல் தண்டையார்பேட்டையில் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய் கசிந்தது. அங்கே குடியிருந்தவர்களின் போர் தண்ணீரில் எண்ணெய் வந்த பிறகே விஷயம் வெளியே தெரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே கசிந்தது குழாய்தான். ஆனால் மண்ணுக்குள் இறங்கிவிட்ட எண்ணெய் எங்கிருந்து வந்தாலும் ஒரே வழியில்தான் போகும்.

நம்பிக்கை: தினமும் டிப் பார்க்கிறோம், குறைந்தால் தெரியாதா?

அனுபவமுள்ள மேனேஜர்களும் ஏமாறுகிற இடம் இது. விநாடிக்கு ஒரு சொட்டு கசிந்தால் நாளுக்குச் சுமார் 4 லிட்டர் போகும். 2 மீட்டர் விட்டமுள்ள 20 கிலோலிட்டர் டேங்க் பாதி நிறைந்திருக்கும்போது, டிப் ராடில் 1 மில்லிமீட்டர் என்றாலே சுமார் 13 லிட்டர். ராடில் ஈரம் ஏறிய கோட்டை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அந்த 4 லிட்டர் கண்ணுக்குத் தெரியாது. போதாததற்கு, 10,000 லிட்டர் பெட்ரோல் 1 டிகிரி சூடேறினாலே 10 லிட்டர் அளவுக்கு விரிந்து கணக்கைக் குழப்பிவிடும்.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். நேற்றைய டிப்போடு இறக்கிய லோடைக் கூட்டி, மீட்டரில் ஓடிய விற்பனையைக் கழித்து, இன்றைய டிப்போடு ஒப்பிட வேண்டும். சூட்டால் வரும் வித்தியாசம் ஒரு நாள் கூடும், மறுநாள் குறையும். கசிவோ குறைச்சல் பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும். அப்படித் தெரிந்தால் முதலில் 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பம்பைச் சரிபாருங்கள். பம்ப் சரியாக இருந்தால் டேங்கையும் பைப்லைனையும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லி எண்ணெய் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 'ஆவியாகியிருக்கும்' என்று எழுதி மூடிவிடாதீர்கள்.

நம்பிக்கை: டேங்கில் தண்ணீர் இறங்கினால் பெட்ரோல்தான் கெடும்.

மூடியும் ஃபில் பாயின்ட்டும் சரியாக இருந்தும் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறினால், டேங்கில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே வரும். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் அதே ஓட்டை வழியே பெட்ரோல் வெளியே போகும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கல்: கொஞ்சம் தண்ணீரை அதுவே தன்னோடு கலந்துகொள்ளும், சாதாரண வாட்டர் பேஸ்ட் நிறம் மாறாமலே இருந்துவிடலாம். எத்தனாலுக்கான பேஸ்ட்டைத்தான் தடவ வேண்டும்.

நம்பிக்கை: நாலு சொட்டில் என்ன ஆகிவிடும்?

நம் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். அது புற்றுநோய் உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் 1 லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் குடிக்கத் தகாததாக்கப் போதும்.

நம்பிக்கை: லோடு இறக்கும்போது சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

கழுவிய தண்ணீர் மழைநீர் வடிகாலில் விழுந்து ஏரிக்குப் போகும். மணலைக் கொட்டி உறிஞ்ச வைத்து, அந்த மணலைத் தனியாக அள்ளி வையுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 165 லிட்டரோ அதற்கு மேலோ கசிந்தால் மாநில வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் அந்த அளவை எட்டச் சுமார் 40 நாளே போதும்.