பேசாமல் பேசும் மிஸ்டர் பீன்

நம் வீட்டுப் பிள்ளைகளில் மிஸ்டர் பீனை அறியாதவர் அரிது. பழுப்பு நிறக் கோட்டும் ஒல்லியான சிவப்பு டையும் அணிந்து, எங்கே போனாலும் எதையாவது குளறுபடி செய்துவிட்டு விழிக்கும் அந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பதோடு நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் அத்தொடரின் முதல் பகுதியைச் சற்று ஊன்றிப் பார்த்தால், வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே எடுத்தாற்போல ஒரு பாடம் அதில் இருக்கிறது. நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கட்டுரைப் பயிற்சிக்கு இதைத்தான் பயன்படுத்தி வருகிறேன். பெற்றோர்களும் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

பிறந்த கதை

பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் 1955-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நியூகாசிலில் மின் பொறியியல் பட்டம் பெற்று, மேற்படிப்புக்கு ஆக்ஸ்போர்டு சென்றவர். அங்கே படிக்கும்போதே இந்தப் பாத்திரம் அவர் மனத்தில் உருவாகத் தொடங்கிவிட்டது. வளர்ந்த மனிதனின் உடம்புக்குள் இருக்கும் ஒரு குழந்தை என்பதே அவர் இதற்குத் தரும் விளக்கம்.

1987-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த நகைச்சுவை விழாவில் அவர் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஆங்கில நிகழ்ச்சிகள் இருந்தும், பிரெஞ்சு மொழிக்காரர்களுக்கான மேடையையே கேட்டு வாங்கி நடித்தார். மொழி புரியாதவர்களிடம் தம் உடலசைவும் முகபாவமும் மட்டும் எடுபடுமா என்று அறிய விரும்பினார். எடுபட்டது. 1990 ஜனவரி 1 அன்று ஐ.டி.வி.யில் முதல் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோ விழாவில் தங்க ரோஜா விருதும் கிடைத்தது. 1995 வரை தொடர் நீடித்தது.

மூன்று காட்சிகள்

முதல் காட்சி கணிதத் தேர்வு. பீன் திரிகோணமிதியை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் அமர்ந்தவரோ நுண்கணிதம் படித்து வந்திருப்பதாகச் சொல்கிறார். பீனின் முகம் மாறுகிறது. உறையைத் திறந்தால் பச்சைத் தாள், அத்தனையும் நுண்கணிதம். அப்புறம் நடப்பதெல்லாம் பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்பதும், அந்தத் தாளைத் தம் பக்கம் வரவழைக்க முயல்வதும், ஆகாமல் போகவே அழாக்குறையாகத் தவிப்பதும்தான். நேரம் முடிந்ததும் மேற்பார்வையாளர், நுண்கணிதம் எழுதியவர்களும் திரிகோணமிதி எழுதியவர்களும் விடைகளைத் தனித்தனியே வைக்கும்படி அறிவிக்கிறார். பீன் உறைக்குள் மறுபடி பார்க்கிறார். அவர் படித்து வந்த பாடத்தின் வினாத்தாள் வெள்ளையாக உள்ளேயே இருக்கிறது! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுவே.

இரண்டாவது காட்சி கடற்கரை. நீச்சல் உடை மாற்ற வேண்டும். அருகில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் பார்த்துவிடுவாரே என்று கூசி, கால்சட்டையைக் கழற்றாமலே அதன்மேல் நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் கால்சட்டையை வெளியே எடுக்கப் பெரும்பாடு படுகிறார் பீன். ஒருவாறு முடிந்ததும் அந்த மனிதர் எழுந்து, வெள்ளைக் கைத்தடியைத் தட்டிக்கொண்டு நடக்கிறார். அவருக்குப் பார்வை இல்லை.

மூன்றாவது காட்சி தேவாலயம். தும்மலையும் தூக்கத்தையும் அடக்க முடியாமல் திண்டாடும் பீனின் கையில் பாட்டுப் புத்தகமும் இல்லை. எல்லோரும் பாடுகிறார்கள்; அவருக்குச் சொற்கள் தெரியவில்லை. முணுமுணுத்துச் சமாளிக்கிறார். ஆனால் ‘அல்லேலூயா’ என்ற சொல் வரும் ஒவ்வொரு முறையும் கூரை அதிரும்படி பாடுகிறார்!

நாம் கற்க வேண்டியது

முதல் இரு காட்சிகளிலும் பீனை வாட்டுவது ஒன்றே. பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் அது. மேற்பார்வையாளரிடம் ‘ஐயா, எனக்குத் திரிகோணமிதித் தாள் வரவில்லையே’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேர்வு எழுதியிருப்பார். கடற்கரையில் அந்த மனிதரிடம் வணக்கம் சொல்லிப் பேசியிருந்தாலே உண்மை விளங்கியிருக்கும். இரண்டு இடத்திலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

நம்மிடையேயும் இது உண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டி, இந்தி தெரியாதென்று கீழே உள்ள காய்கறிக் கடைக்குக்கூடப் போகாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். புதிய பள்ளியில் சேர்ந்த பிள்ளை, ஆசிரியர் சொன்னது புரியாவிட்டாலும் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுகிறது. தமிழ் எழுதத் தெரியாத நம் இளைஞர்கள், ‘தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள்’ என்று ஊருக்குப் போனால் தாத்தாவிடம் பேசுவதையே தவிர்க்கிறார்கள். இவர்கள் எல்லோருடைய உறையிலும் வெள்ளைத் தாள் இருக்கிறது. எடுத்துப் பார்க்க விடாமல் கூச்சம் கையைப் பிடிக்கிறது.

இதற்கு வழியையும் பீனே மூன்றாவது காட்சியில் காட்டுகிறார். பாட்டு முழுவதும் தெரியாது. தெரிந்தது ஒரே சொல். அந்த ஒரு சொல்லை முழுக் குரலில் பாடி, கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறார். பாட்டி ‘கித்னா?’ என்ற ஒரு சொல்லோடு கடைக்குப் போகட்டும். பேரன் ‘சாப்பிட்டீங்களா தாத்தா?’ என்ற ஒரு வாக்கியத்தோடு தொலைபேசியை எடுக்கட்டும். மற்றச் சொற்கள் பின்னாலேயே வந்து சேரும். ஒன்று மட்டும் பெரியவர்கள் காக்க வேண்டும். பிள்ளை தடுமாறும்போது நாம் சிரிக்கக் கூடாது. சிரிப்பெல்லாம் பீனோடு நிற்கட்டும்.

பயிற்சி

1. தேர்வுக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கவும். பீனின் மனத்தில் ஓடுவதைத் தமிழில் பத்து வாக்கியங்களில் எழுதவும்.

2. கடற்கரைக் காட்சியில் பீன் அந்த மனிதரிடம் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும்? உரையாடலாக எழுதவும்.

3. கேட்கக் கூச்சப்பட்டு நீங்கள் இன்றுவரை கேட்காத ஒரு கேள்வியை எழுதி, அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் இந்த வாரமே கேட்டு வரவும். விடையை அடுத்த ஞாயிறு வகுப்பில் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்களும் மூன்றாவது பயிற்சியைச் செய்யலாம்.